தீவனத் தராசில் ஏறிய பட்டுப்புடவை

என் மகள் கயல் அரக்குப் பட்டுடுத்தி, வலது கையில் மட்டும் கண்ணாடி வளையல்களோடு, கோழித் தீவன மூட்டைகளை எடை போடும் தராசின் மேல் ஏறி நின்றாள்.

ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்த வயிறு. வெறுங்கால். இரண்டு கன்னத்திலும் இன்னும் காயாத சந்தனம். அறை முழுக்க மக்காச்சோளத் தூளும் கருவாட்டுத் தூளும் கலந்த தீவன வாசனை. அதன் நடுவே அவள் தலையிலிருந்து நான்கு முழ மல்லிகை.

வெளியே பந்தலில் நூறு பேருக்கு மேல் ஒறம்பரை சனம். விருந்தாளி, சொந்தபந்தம் எல்லாரையும் சேர்த்து எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இலை போட்டாகிவிட்டது. ஏழு வகைச் சோறு அண்டாக்களில் மூடிக் கிடந்தது. ஒருவரும் உட்காரவில்லை. தீவன அறையின் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, ஒரு கர்ப்பிணி தன்னைத்தானே எடை போட்டுக்கொள்வதைப் பார்த்தார்கள்.

தராசின் சிவப்பு எண்கள் ஓடின. தயங்கின. நின்றன.

நான் கதவோரம் நின்றேன். கையில் உடைந்த வளையல் துண்டு ஒன்று இருந்தது. அது குத்தி ரத்தம் வந்ததுகூட எனக்கு அப்போது தெரியவில்லை.

இந்தப் பத்தியில் வாரா வாரம் என்னோடு வருகிறவர்களுக்குத் தெரியும், நான் ஓரிடத்தில் நிற்காதவள். எடப்பாடியில் தொடங்கினால் ஏற்காட்டில் போய் மூச்சு விடுவேன். இந்த வாரமும் கொஞ்சம் அலைவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எத்தனை சுற்றினாலும் இந்தத் தராசடிக்கே திரும்பிவிடுவேன். இருபது வருஷம் எழுதியதில் கிடைக்காத பெருமை ஒன்று எனக்கு அந்த அறையில்தான் கிடைத்தது.

கோழியா என் மகள்?

கயலை நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணை வீட்டில் கட்டிக்கொடுத்தோம். நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில், மாடி அறையில், புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறவள். என் சம்பந்தி பழனியம்மாளுக்கு எழுத்தென்றால் கொட்டகைக் கதவில் தொங்கும் நோட்டு. எந்தக் கொட்டகையில் எத்தனை முட்டை, எத்தனை மூட்டைத் தீவனம், எந்தக் கூண்டில் எது சுணங்கி நிற்கிறது.

கல்யாணம் பேச வந்தபோது என் புத்தக அலமாரியை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க, இத்தனையும் நீங்க எழுதுனதுங்களா?”

“இல்லீங்க, மூணு புத்தகந்தான் என்னுது.”

“அப்ப மிச்சத்துக்கெல்லாம் எதுக்குங்க எடம்?”

மாப்பிள்ளை சதீஷ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அம்மாவோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறாளோ என் பெண் என்று அன்று மனதுக்குள் ஒரு முள் ஏறியது.

அந்த முள் கயலின் ஐந்தாம் மாதத்தில் வெளியே வந்தது. பண்ணையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் குஞ்சுகளை எடை பார்ப்பார்கள். கூண்டுக்குக் கூண்டு சிலதைப் பிடித்து நிறுத்து நோட்டில் குறிப்பார்கள். வளர்த்தி சரியாக ஏறுகிறதா என்று தெரிய அதுதான் வழி. அந்த ஞாயிற்றுக்கிழமை பழனியம்மாள் குஞ்சுகளை முடித்துவிட்டு, “அம்மிணி, நீயும் ஏறு சாமி” என்று கயலையும் தீவனத் தராசில் ஏற்றியிருக்கிறார். அதே நோட்டில், அதே பக்கத்தில், கொட்டகை மூன்றுக்குக் கீழே ‘கயல்’ என்று எழுதி எடை.

மூன்று நான்கு வாரம் இப்படியே நடந்த பிறகு கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் போட்டேன்.

“என் மக என்ன கோழியாங்க?”

“கோழியா இருந்தா வெசனமே இல்லீங்களே. அதுக்கு வாயில்லை, நாம பாத்துக்கலாம். இவளுக்கு வாய் இருக்குது, ஆனா வலிச்சாலும் சொல்ல மாட்டேங்குறா. அதான் எடை போடறேன்.”

“ஆஸ்பத்திரியில போட்டுக்குவாங்கல்ல?”

“அது மாசத்துக்கு ஒருக்கா. மாசத்துக்கு ஒருக்கா பாத்தா என் பண்ணை எப்பவோ காலியாகியிருக்குமுங்க.”

நான் போனை வைத்துவிட்டேன். கயலிடம் தனியாகச் சொன்னேன், உனக்குப் பிடிக்காவிட்டால் ஏறாதே என்று. அவள் சொன்னாள்: “எனக்குப் பிடிச்சிருக்கும்மா. வாரா வாரம் முந்நூறு, நானூறு கிராம் ஏறுது. யாரோ எனக்குள்ள வளர்றாங்கன்னு கண்ணுல பாக்கறேன்ல.”

காலையில் வடிந்துவிடும் வீக்கம்

ஆறாம் மாதத்திலிருந்து அவளுக்குச் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும். போட்டோ எடுத்து அனுப்புவாள். மெட்டி பதிந்த விரல், செருப்பு வார் பதிந்த புறங்கால். பண்ணைக்கு வந்துபோகும் கிராமத்து நர்ஸம்மா கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, “இது சாதாரணந்தான், நிக்கிறதைக் கொறை, காலைத் தூக்கி வச்சு இடதுபக்கமாப் படு” என்று சொல்லியிருந்தார். அப்படியே விடியற்காலையில் வடிந்தும் விடும்.

அந்தக் கால்களைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதினேன். ஈரம் குடித்த வரப்பு என்று. வெளிவரவும் செய்தது. நான்கு பேர் பாராட்டினார்கள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. எடப்பாடியில் அப்பா வீட்டில், நான்கு விசைத்தறிகள் விடாமல் அடித்துக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே, கயல் என் வயிற்றில் இருந்தாள். பொழுது சாய்ந்தால் கால் கனத்துப்போகும். அம்மா ஒரு நூல் மூட்டையை இழுத்துப் போட்டு அதன் மேல் என் கால்களைத் தூக்கி வைப்பார். தறியின் அதிர்வு தரையில் ஏறி, மூட்டையில் ஏறி, என் குதிகாலில் வந்து சிணுங்கும். விடிந்தால் கால் பழைய கால்.

ஆக, வீக்கம் என்றால் எனக்குச் சாயங்காலம் வந்து தங்கி, காலையில் கிளம்பிப் போய்விடும் ஒறம்பரை. அவ்வளவுதான். எனக்கு வந்தது என் மகளுக்கும் வருகிறது என்று நினைத்தேன். தாய்மார்கள் செய்கிற பெரிய தப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நம் உடம்பையே அவர்களுக்கும் அளவுகோலாக்கிவிடுகிறோம்.

மின்மினி

கட்டுச்சோறு விருந்து எங்கள் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணின் தாய்வீட்டார் வகை வகையாகச் சோறு சமைத்துக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டில் விருந்து வைத்து, பெண்ணுக்கு வளையல் போட்டு, நல்ல நேரம் பார்த்துப் பிரசவத்துக்குக் கூட்டி வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம்.

ஒரு வாரம் முன்பே பழனியம்மாளிடம் சொல்லி வைத்தேன். “அன்னிக்கு மட்டும் எடை கிடையெல்லாம் வேண்டாமுங்க. நாலு பேர் பாக்கற எடத்துல கண்ணு பட்டுரும்.” அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வாங்கியதில் எனக்கு ஒரு வெற்றிகூட இருந்தது.

காலை எட்டரைக்கு நாங்கள் பண்ணையில் இறங்கினோம். கயல் வாசலுக்கு வந்தாள். அத்தனை அழகாக அவளை நான் பார்த்ததில்லை. கன்னம் ததும்பி, கண்ணிமை தடித்து, முகம் முழுக்க ஒரு பளபளப்பு.

“பூரிச்சுப்போய் நிக்கிறா பாருங்க உங்க மக!” என்றார் என் கணவரின் அக்கா. நங்கையா என்று நாங்கள் கூப்பிடுவோம். ஊரில் எந்த விசேஷமும் அவர் கை படாமல் நடக்காது. “பொம்பளப் புள்ளதான். தாய்க்கு அழகைக் குடுக்குது.”

“மோதரம் கழலவே இல்லைம்மா,” என்றாள் கயல். “முந்தாநாள் சோப்புப் போட்டுக் கழட்டுனேன்.”

“ஒன்பதாம் மாசம்னா அப்பிடித்தான் சாமி.”

தலை பின்னும்போது சொன்னாள், விடிகாலையிலிருந்து தலைவலி என்று. தைலம் தடவினேன். சமையல் புகை, கூட்டம், பூவின் கனம், எல்லாவற்றையும் காரணமாகச் சொன்னேன்.

“கண்ணுல வேற ஏதோ பறக்குதும்மா. மினுக்கு மினுக்குன்னு. மின்மினி மாதிரி.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுத இரண்டு வாரமாகத் தயங்கினேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

“நல்ல வரி கயல். எழுதி வச்சுக்கோ,” என்றேன்.

ரெண்டு நாலு

பந்தலில் உட்கார வைத்துச் சந்தனம் பூசினார்கள். வளையல் தட்டு வந்தது. சேலத்தில் நானே வாங்கியது. பத்து நாள் முன்பு கயல் கையை அளந்து வாங்கிய ‘ரெண்டு நாலு’ அளவு. சிவப்பு, பச்சை, நடுவே ஒரு மஞ்சள்.

வலது கையில் எண்ணெய் தடவி ஒருவழியாக ஏற்றிவிட்டார் நங்கையா. இடது கையில் முதல் வளையலே முட்டியில் நின்றுகொண்டது. “சோப்புத் தண்ணி கொண்டாங்க” என்றார். கொண்டுவந்தார்கள். கையைக் குவித்துப் பிடித்து அழுத்தினார். கயல் பல்லைக் கடித்தாள்.

டிக்.

வளையல் உடைந்தது. “பரவால்ல, பரவால்ல” என்று அடுத்ததை எடுத்தார். அதுவும் உடைந்தது.

பந்தலில் பேச்சு அறுந்தது. கட்டுச்சோற்று விருந்தில் வளையல் உடைவதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் குனிந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன், யார் காலிலும் குத்திவிடக் கூடாதே என்று.

அந்த அமைதியைப் பிளந்துகொண்டு பழனியம்மாள் வந்தார். அண்டாவைக் கிளறிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கயலின் இடது கையைத் தன் கையில் வாங்கி, புறங்கையில் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. விழுந்த குழி எழவில்லை.

“எல்லாரும் வளையலையே பாத்துட்டு நிக்கிறீங்களே,” என்றார். “கையப் பாத்தீங்களா?”

“கண்ணு பட்டதுதான், கழிப்பு கழிச்சுட்டாச் சரியாப்போயிரும்,” என்று ஆரம்பித்தார் நங்கையா.

கயல் எழுந்து நின்றாள். மெதுவாக, மணையில் கையை ஊன்றிக்கொண்டு.

“அத்தை, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எடை போடலை.”

“கயல்,” என்றேன் நான், “இன்னிக்கு வேண்டாம்னு சொன்னேன்ல. இத்தனை பேர் கண்ணு…”

அவள் என்னைப் பார்த்தாள். இமைகள் தடித்து, பாதி மூடிய பார்வை. “இத்தனை பேருக்கும் கண்ணு நல்லாத் தெரியுதும்மா. எனக்குத்தான் தெரியலை.”

சொல்லிவிட்டு நடந்தாள். மணமேடை மாதிரி ஜோடித்த பந்தலை விட்டு, தீவன அறையை நோக்கி. மல்லிகையும் பட்டும் நூறு ஜோடிக் கண்களும் பின்னாலேயே போயின.

எமகண்டம்

இதோ, திரும்பி வந்துவிட்டேன். தராசு. சிவப்பு எண்கள். எழுபது புள்ளி நான்கு.

சதீஷ் நோட்டைப் புரட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை அறுபத்தாறு புள்ளி இரண்டு.

“பட்டுச்சேலை, நகையெல்லாம் கனம் இல்லையா?” என்றது வாசலில் ஒரு குரல்.

“சேலை முக்காக் கிலோ, நகை கால் கிலோ. ஒரு கிலோவே கழிச்சுக்கங்க,” என்றார் பழனியம்மாள். “மிச்சம் மூணு கிலோவுக்கு மேல நிக்குது. ஒரே வாரத்துல. கோழி கொஞ்சங் கொஞ்சமா ஏறுனா வளருதுன்னு அர்த்தமுங்க. ஒரேயடியா ஏறுனா தண்ணி கோத்திருக்குன்னு அர்த்தம். இது சதையில்லை.”

கயல் தராசை விட்டு இறங்கவில்லை. அங்கே நின்றபடியே நர்ஸம்மாவுக்குப் போன் செய்து, எல்லாரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டாள்.

“சொல்லு கயல். விருந்து முடிஞ்சுதா?”

“முடியலைங்கக்கா. மொகம், கை வீங்கியிருக்கு. காலையில எந்திரிக்கும்போதே இருந்துது.”

“தலைவலி?”

“விடிகாலையிலிருந்து. தைலத்துக்குக் கேக்கலை.”

“கண்ணு?”

“மினுக்கு மினுக்குன்னு பறக்குது.”

“நெஞ்சுக்குக் கீழ, மேல்வயித்துல வலி?”

கயல் மேல்வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு, “இருக்குதுங்கக்கா. பசின்னு நெனச்சேன்,” என்றாள். அதை என்னிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. மின்மினிக்கு நான் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு எதற்குச் சொல்வாள்?

“பதினஞ்சு நாளைக்கு முன்னால பிரஷர் நல்லாத்தானுங்களே இருந்துது?” என்று நான் குறுக்கே கேட்டேன்.

“அது பதினஞ்சு நாளைக்கு முன்னாலங்கம்மா. இது ரெண்டு நாள்ல ஏறிரும். கயல், என்கிட்ட எதுக்குப் பேசிட்டிருக்கற? வண்டிய எடு. பெரியாஸ்பத்திரிக்கு நான் போன் பண்றேன். செக்கப் அட்டைய மறக்காத.”

சதீஷ் காரை எடுக்க ஓடினார். அப்போது நங்கையா வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான்.

“மணி பன்னெண்டு பத்து. எமகண்டம் நடக்குது. ஒன்றரை வரைக்கும் பொறுங்க. தாய்வீட்டுக்குக் கிளம்பற பொண்ணை எமகண்டத்துல படி தாண்ட வைப்பாங்களா?”

எல்லாரும் பழனியம்மாளைப் பார்த்தார்கள். அவர் கயலுக்குச் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை.

“எமன் ஊட்டுக்குள்ள வந்து ஒக்காந்திருக்கானுங்க. வெளிய போறவளை அவன் என்ன பண்ணுவான்?”

செருப்பு கயலுக்குப் போகவில்லை. வெறுங்காலோடு படி தாண்டினாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி, பின்னாலேயே வந்து நின்ற அந்தக் கூட்டத்தைப் பார்த்து என் மகள் சொன்னாள்:

“சோறு ஆறிப்போகுது. எல்லாரும் ஒக்காந்து சாப்பிடுங்க. எங்கம்மா பண்ணுனது.”

உட்கார்ந்தார்கள். என் கணவர் நின்று பரிமாறினாராம். ஒரு இலை மிச்சமில்லாமல் பந்தி நடந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

சித்தியின் முகம்

ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். முட்டை லாரிகளும் பள்ளிக்கூட பஸ்களும் போய்வரும் சாலை அன்று ஞாயிறு என்பதால் காலியாகக் கிடந்தது. கயல் பின்னிருக்கையில் இடதுபக்கமாகச் சாய்ந்து, தலையை என் மடியில் வைத்திருந்தாள். பழனியம்மாள் முன்னிருக்கையில், மடியில் அந்த நோட்டோடு.

எனக்கு என் சித்தி ஞாபகம் வந்தது. அம்மாவின் தங்கை. எனக்கு நான்கைந்து வயதிருக்கும்போது முதல் பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அதை எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? “கடைசி நாலு நாள் அவ மொகத்தைப் பாக்கணுமே, பவுர்ணமி. ஊர்க் கண்ணெல்லாம் அது மேலதான். ஜன்னி கண்டு, கை கால் இழுத்துப் போயிட்டா.” சின்ன வயதில் அந்தப் பவுர்ணமி முகத்தைக் கற்பனை செய்து செய்து நான் வளர்ந்தேன். எழுத வந்ததற்கே அதுவும் ஒரு காரணம் என்று மேடையில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அது என்ன முகம் என்று அந்தக் காரில்தான் எனக்குப் புரிந்தது. என் மடியில் இருந்தது அதே முகம்.

“புள்ள அசையுதா சாமி?” என்று முன்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார் பழனியம்மாள்.

“அசையுது அத்தை.”

இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி. “இப்ப?”

“இப்பவும்.”

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றது. கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்த நர்ஸ், இன்னொரு கையில் மறுபடி சுற்றிப் பார்த்தார். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. சின்ன வயது டாக்டரம்மா. ஓடிக்கொண்டேதான் பேசினார். வலிப்பு வராமல் இருக்க ஊசி, அழுத்தம் குறைய மருந்து, குழந்தையின் நுரையீரலுக்கு ஒரு ஊசி.

“எப்படிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டார்.

பழனியம்மாள் நோட்டை நீட்டினார். கொட்டகை ஒன்று, கொட்டகை இரண்டு, கொட்டகை மூன்று, கயல். டாக்டரம்மா ஒரு விநாடி நின்று அதைப் படித்தார். சிரித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

“கர்ப்ப காலத்துல வர்ற ரத்த அழுத்தம் இது. பார்லித் தண்ணியோ உப்பைக் கொறைக்கறதோ கேக்காது. இன்னும் கொஞ்ச நேரம் வீட்டுல வச்சிருந்தா எந்த நிமிஷமும் வலிப்பு வந்திருக்கும். ரெண்டு உயிருக்கும் ஆபத்து,” என்றார்.

ஒரு டப்பா தயிர்சோறு

இரண்டு நாள் கழித்து அறுவை சிகிச்சை. பெண் குழந்தை. ஒரு கிலோ தொள்ளாயிரம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குருவி மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். மூன்று வாரம் அங்கே. பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். டாக்டரம்மா விடவில்லை. பெற்ற பிறகும் அழுத்தம் ஏறலாம் என்று வாரக்கணக்கில் கயலுக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த முதல் நாள் மதியம், கயலை உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தாவில் நாங்கள் இரண்டு சம்பந்திகளும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். சதீஷ் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். பந்தியிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய தயிர்சோறு. நான் சமைத்தது. அதில் மாதுளை முத்துக்களை நானே எண்ணி எண்ணித் தூவியிருந்தேன். பழனியம்மாள் மூடியில் பாதியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“எனக்கு எறங்காதுங்க,” என்றேன்.

“எறங்கும். உங்க மக எல்லாத்தையும் சாப்பிடச் சொல்லியிருக்கா.”

சாப்பிட்டோம். ஒரு பருக்கையைப் பார்த்தபடியே பழனியம்மாள் கேட்டார். “இப்பச் சொல்லுங்க சம்பந்தி, உங்க மக கோழியா?”

“ஆமாங்க,” என்றேன். “கோழிதானுங்க.” சொல்லிவிட்டு அழுதேன். அவர் டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தார், கண்ணீர் சோற்றில் விழாமல்.

கயல் தெளிந்து படுத்திருந்த ஒரு சாயங்காலம் அந்த மின்மினி விஷயத்தை எடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “நல்ல வரின்னு சொன்னேன்ல…” என்று இழுத்தேன்.

“நல்ல வரிதாம்மா,” என்றாள். “நீயே வச்சுக்கோ.”

சுவர்

இப்போது பேத்திக்கு ஒன்றரை வயது. தீவன மூட்டை மேல் ஏறிச் சறுக்குகிறாள். கயல்தான் பண்ணையின் நோட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் செய்த முதல் வேலை, தீவன அறையில் தராசுக்கு மேலே, வெள்ளையடித்த சுவரில், சதீஷின் பெயின்டு டப்பாவை எடுத்துச் சிவப்பில் எழுதியது. அப்படியே தருகிறேன்:

*சாயங்காலம் கால் வீங்கி, காலையில வடிஞ்சா, காலைத் தூக்கி வச்சுப் படு. நர்ஸம்மா வந்தாச் சொல்லு.*

*காலையிலேயே மொகம் வீங்குனா, கை வீங்கி வளையல் ஏறலைன்னா, கிளம்பு.*

*தலைவலி விடலைன்னா, கண்ணு மங்குனா, பூச்சி பறந்தா, மேல்வயித்துல வலிச்சா, மூச்சு வாங்குனா, கிளம்பு.*

*ஒத்தக் கால் மட்டும் வீங்கி, வலிச்சு, சுட்டாலும் கிளம்பு.*

*புள்ள அசையறது கொறைஞ்சா, எதுக்கும் காத்திருக்காத. கிளம்பு.*

*நல்ல நேரம் பாக்காத.*

ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் பெண்களுக்காகப் பக்கத்தில் சதீஷ் ஒரு கண், ஒரு கை, ஒரு கால் வரைந்திருக்கிறார். கால் கொஞ்சம் கோழிக்கால் மாதிரி இருக்கிறது.

முதல்முறை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் ‘கிளம்பு’ திரும்பத் திரும்ப வந்து விழுகிற இடம் இருக்கிறதே, அப்படி ஒரு சொல்லைப் போட நான் எத்தனை வருஷம் அலைந்திருக்கிறேன்! பழக்க தோஷத்தில் விரலை நீட்டி, “இந்த மூணாவது வரியை மட்டும் கொஞ்சம் பிரிச்சுப் போட்டா…” என்று ஆரம்பித்தேன்.

“அம்மா,” என்றாள் கயல். “இதுல கை வைக்காத.”

போன மாதம் நான் அங்கே இருந்தபோது, முட்டை பொறுக்கும் செல்வி, ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், எட்டு மாதம், கூடையை இறக்கி வைத்துவிட்டு யாரும் கூப்பிடாமலே தீவன அறைக்குள் வந்தாள். சுவரை ஒரு முறை படித்தாள். தராசில் ஏறி நின்றாள்.

“அக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு. எடை பாருங்க.”

எடையும் போன ஞாயிற்றுக்கிழமையைவிட ஒரு கிலோ கூடத்தான் இருந்தது. சதீஷ் காரை எடுத்தார். அப்போதும் மணி ஏதோ ஆகாத மணிதான். யாரும் பார்க்கவில்லை. பழனியம்மாள் கூடவே போனார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார்கள். அழுத்தம் சரியாக இருந்தது. சிறுநீரில் ஒன்றுமில்லை. குழந்தை நன்றாக உதைக்கிறது. மூன்று நாளில் மறுபடி வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். செல்விக்கு வெட்கமாகப் போய்விட்டது. லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் வேறு, “ஒண்ணுமில்லாததுக்கா காரு, சவாரி?” என்று சிரித்தார்.

“ஒண்ணுமில்லைன்னு ஒங்க வாயில சொன்னா எப்பிடிங்க நம்பறது?” என்றார் பழனியம்மாள். “அங்க போய்க் கேட்டுட்டு வந்தோம்.”

கயல் குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பெயின்டு வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். சுவரில், கடைசி வரிக்குக் கீழே, ஈரம் சொட்டச் சொட்ட இன்னொரு வரி சேர்த்திருந்தாள்:

*ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்புனா, சிரிச்சுட்டே ஊட்டுக்கு வா. மறுபடியும் தோணுனா, மறுபடியும் கிளம்பு.*

நான் கை வைக்கவில்லை.